குதிரைக்காகப் பேசிய பேச்சு

என் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொண்டதை நான் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். கரியாலூர்ச் சந்தைக்கு இறங்கும் ஒற்றையடித் தடத்தில், இருவருக்கும் நடுவே ஒரு குதிரை நிற்கும்போது.

நில எல்லையில் நின்ற பலாமரம் யாருடையது என்று தொடங்கிய சண்டை. மரம் காய்ப்பதையே நிறுத்திவிட்டது, இவர்கள் நிறுத்தவில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசையில் எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அப்பா இந்தப் பக்கத்து ஆட்களை எல்லாம் கும்பிடுவார், சித்தப்பா அந்தப் பக்கத்து ஆட்களை எல்லாம் கும்பிடுவார். கல்வராயன் மலையில் இவ்வளவு சமாதானத்தை வாரி வழங்கிய அண்ணன் தம்பி வேறு யாரும் இருக்க முடியாது.

ஆனால் தடத்துக்கு என்று ஒரு முறை இருந்தது. சுமைக்குதிரை வந்தால் நடப்பவர் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்க வேண்டும். மேட்டில் நிற்பதெல்லாம் தன்மேல் பாயப் போகிறது என்று குதிரை நினைத்துக்கொள்ளுமாம். ஒதுங்கியவர் சும்மாவும் நிற்கக் கூடாது, எதையாவது பேச வேண்டும். குரல் கேட்டால்தான் அதற்கு மனிதர் என்று தெரியும்.

சித்தப்பா விடியலிலேயே கடுக்காயைச் சந்தையில் போட்டுவிட்டு, அரிசி மூட்டையைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு வருவார். நானும் அப்பாவும் எதிரே இறங்குவோம்.

"கீழ யார்னா வராங்களா?" என்று அப்பா புதரைப் பார்த்துக் கேட்பார்.

"யாரும் இல்ல," என்று சித்தப்பா குதிரையின் காதுக்குச் சொல்வார்.

இது பேச்சில் சேருமா, சேராதா? எனக்குத் தீராத சந்தேகம். அம்மாவைக் கேட்டேன். "அது குதிரைக்குப் பேசறதுடி," என்றாள்.

நான் ஆறாவது படித்தபோது ஒரு சனிக்கிழமை, சித்தப்பாவின் குதிரை எதிரே வரும் நேரம் பார்த்து, மூன்று பேர் கியர் சைக்கிளில் எங்கள் பின்னால் மேலிருந்து வந்தார்கள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, வாயை மறைத்த துணி. நல்ல மனிதர்கள். குதிரையைப் பார்த்ததும் பிரேக் பிடித்து, சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, மூச்சுவிடாமல் நின்றார்கள். மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை.

குதிரை அங்கேயே விறைத்தது. மூக்கால் சீறிக்கொண்டு பின்னால் நகர ஆரம்பித்தது. அதற்கும் பள்ளத்துக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்தபடி சித்தப்பா நின்றார். அவர் காலடியிலிருந்து கற்கள் உருண்டன.

"பேசுங்க சார்! எதனா பேசுங்க!" என்று அப்பா கத்தினார்.

அவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒருவர் தன் பெயரையும் வேலை பார்க்கும் கம்பெனியையும் சொல்லத் தொடங்கினார். குதிரைக்கு அதில் அக்கறை இல்லை, இன்னும் ஓர் அடி பின்னால் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா பையைப் போட்டுவிட்டு விளிம்போடு நடந்து குதிரையின் முகத்தருகே போனார். "ஒன்னும் இல்லடா. நான்தான் இருக்கேன்ல. பயந்துக்காத," என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். குதிரையிடம்தான் சொன்னார். கை மட்டும் சித்தப்பாவின் தோளை இறுகப் பிடித்திருந்தது.

குதிரை அடங்கியது. சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கீழே போனார்கள்.

"காலு இன்னாச்சு? நொண்டிக்கினு வர," என்றார் அப்பா.

"முள்ளு குத்திக்கிச்சிண்ணா."

"மஞ்சா வெச்சிக் கட்டு."

இது குதிரைக்கான பேச்சே இல்லை என்று எனக்குத் தெரியும். சண்டை தீர்ந்துவிட்டது என்று குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பூசையில் அப்பா இந்தப் பக்கம் கும்பிட்டார், சித்தப்பா அந்தப் பக்கம் கும்பிட்டார்.

கொஞ்ச நாளில் எங்கள் ஊருக்கு மினிபஸ் வந்தது. சந்தைக்குப் போகும் எல்லாரும் அதில் ஏறினார்கள். பஸ் போகாத சரிவில் காடு வைத்திருந்த சித்தப்பாவுக்கு மட்டும் குதிரையை விட்டால் வழியில்லை. அப்பாவும் பஸ் ஏறவில்லை. வாந்தி வருகிறது என்றார். பலாமர வழக்குக்காகக் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு வளைவு வளைவாகப் பஸ்ஸில் போய்வந்தவர்தான்.

எனக்குப் பாவமாக இருந்தது. எலுமிச்சம்பழம் ஒன்றைப் பறித்துவந்து, மோந்துகொண்டே போனால் வாந்தி வராது என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். அப்பா வாங்கி, மோந்து பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல் தடத்தில் இறங்கி நடந்தார். இவ்வளவு நல்ல மருந்து கொடுத்தும் நடக்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.