பின்சுவரில் நான் விட்டுவைத்த அரசங்கன்று

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

முத்துப்பாண்டி அண்ணே போய்விட்டார். இன்று காலை பந்தல் கம்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது. சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: திருமங்கலம் பக்கம் பந்தல் போடுகிறவர். ஞாயிறுதோறும் எங்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத பழைய கோயில்களில் செடி பிடுங்கி, கூட்டிக் கழுவும் உழவாரக் குரூப்பை நடத்தியவர். ஏணியெல்லாம் அவருடையதுதான்.

நான் பாட்டனி படித்தவள். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் எம்மெஸ்ஸி.

"ஏம்மா எம்மெஸ்ஸி, புல்லப் புடுங்கச் சொன்னா அதுகிட்டப் பேரு ஊரு விசாரிச்சுக்கிட்டு நிக்கிற? சம்பந்தம் பேசப் போறியா?"

ஒருமுறை கருவறைக் கூரை ஒழுகியதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "சிவனுக்கு அபிஷேகந்தானண்ணே, நனையட்டுமே" என்றார்.

"மாப்ள, நம்மளா மனசார ஊத்துனா அது அபிஷேகம். நம்ம கவனிக்காம விட்டு ஒழுகுனா அது ஒழுக்கு. ஒன் வீட்ல கட்டில் மேல சொட்டுனா நீ படுத்துருப்பியா?"

புண்ணியம், பலன் என்றெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் மண் கையோடு அப்படியே சந்நிதியில் போய் நிற்பார். கழுவிவிட்டு வரச் சொன்னால், "எதுக்கு? என்ன செஞ்சோம்னு அவரும் பாக்கட்டும்" என்பார்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதுதான் தூங்க விடவில்லை.

கல்யாணமாகி நான்கு வருடம் எங்களுக்குப் பிள்ளையில்லை. சிம்மக்கல்லில் ஒரு அரசமரத்துப் பிள்ளையாரைத் தினமும் சுற்றினேன். ஒரு வெள்ளிக்கிழமை, டெஸ்ட்டில் இரண்டு கோடு. யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு, கண்மாய்க்கரைச் சிவன் கோயிலில் வேலை. பின்சுவர் என் பங்கு.

ஏணியில் மூன்று படி ஏறினேன். இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு அரசங்கன்று. நாலே நாலு இலை.

கை வரவில்லை. எந்த மரத்தைச் சுற்றி என் வயிற்றில் ஒன்று தங்கியதோ, அதையே பிடுங்குவதா... அரசின் வேர் கல்லுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதியவள் நான். இருந்தும் இறங்கி வந்து, "முடிஞ்சிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் பிரசவம், பாப்பா... ஏறத்தாழ இரண்டு வருடம் நான் போகவில்லை. குரூப்பும் வேறு வேறு கோயில்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாப்பாவுக்கு உடம்பு சுடும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் வரும். விட்டுவைத்தது குற்றமா, இனி எடுத்தால் குற்றமா...

போன ஞாயிறு குரூப் மறுபடி அங்கே போனபோது, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கன்று என் உயரம் வளர்ந்திருந்தது. ஒரு கல், விரல் நுழையும் அளவுக்கு வெளியே தள்ளியிருந்தது. உள்ளே கருவறைச் சுவரில் ஈரம்.

அண்ணே நிமிர்ந்து பார்த்தார். "இது யாரு பாத்த செவரு?"

நான் பாப்பாவின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"சரி விடு. அடுத்த ஞாயித்துக்கெழம பெரிய ஏணியக் கொண்டு வாரேன். மழைக்கு முன்னாடி எடுத்துறணும், இல்லேன்னா இந்தச் செவரு நிக்காது." பாப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

இந்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்...

"கைப்புள்ளக்காரி எழவு வீட்டுக்கா போவ?" என்று மாமியார் சத்தம் போட்டார். பாப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனேன். வந்து தலைக்குக் குளித்த பிறகுதான் தூக்கினேன். அதற்கும் மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு, அவர் மனைவி செல்வி அக்காவை முகம் கழுவக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். அங்கே பழைய பெயிண்ட் வாளிகளிலும் சிமெண்ட் சாக்குகளிலும் வரிசையாக அரசங்கன்றுகள். நடுவே ஒரு ஆலங்கன்று.

"என்னக்கா இதெல்லாம்?"

"கோயில் செவத்துல புடுங்குனதும்மா. தூக்கி எறிய மனசு வராது அந்த மனுசனுக்கு. மழை விழுந்ததும் கண்மாய்க் கரையில வைக்கணும்னு இம்புட்டையும் சேத்து வச்சிருக்காரு. நெதமும் இதுகளுக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் காப்பித்தண்ணியே குடிப்பாரு. இனி யாரும்மா ஊத்துவா..."

எத்தனை ஞாயிறு அவர் ஈரச் சாக்கில் எதையோ சுற்றி வண்டியில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தக் கோயிலுக்குப் போகிறேன். ஊர்க்காரர்களிடம் சொல்லியாயிற்று. ஏணியை அக்கா தருகிறேன் என்றார். வேர் உள்ளே ஓடிவிட்டது, முழுசாக வராது. ஆனால் அரசின் கிளையை நட்டாலும் பிழைக்கும்.

கல் சரியாமல் வேரை எடுக்கத் தெரிந்த, கல்வேலை பழகிய ஒருவர் வேண்டும். ஏணி பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மேலே நான் ஏறுவேன்.

போய்ட்டு வாங்கண்ணே. அந்தப் பின்சுவரைப் பார்த்தது நான்தான்.

இரண்டு நாளாக மேகம் கூடிக்கொண்டு வருகிறது. யார் யார் வருகிறீர்கள் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.