பெரிய வியாழனும் நியாலாஸ் சேறும்

1. வேலைக்குச் சேர்ந்தது

மலாக்கா பக்கம் ஜாசினில் ஒரு தமிழ்ச் சபைக்கு வேன் ஓட்டும் வேலை கேட்டுப் போனேன். முதல் கேள்வி லைசென்ஸைப் பற்றி இல்லை.

"பேரு?"

"முனியாண்டி, சார்."

சபை சேர்மன் தேவசகாயம் சார் பேனாவை மூடிவிட்டார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "தண்ணி போடுவீங்களா?" என்று கேட்டார்.

"ரேடியேட்டருக்குக் காலையில போடுவேன், சார்."

அந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சேர்மன் சிரிக்கவில்லை. ஆனாலும் வேலை கிடைத்தது. வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு காலையில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் ஆட்களை ஏற்றி வரவேண்டும், ஆராதனை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி, சாவு வீடு. வருஷத்துக்கு ஒரு தடவை இளைஞர்களை கடலோர உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடக் கூட்டிப் போவேன். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். அதனால் ஆராதனை நேரத்தில் வேனிலேயே இருப்பேன். ஸ்பீக்கரில் பிரசங்கம் வரும். பாதியில் தூங்கிவிடுவேன். உள்ளே இருந்தவர்களில் பலரும் அப்படித்தான் என்பது ஜன்னல் வழியே தெரியும்.

சபை வேன் ஓட்ட வரும் இளம் டிரைவர்களுக்கு கிளட்ச், பிரேக் பற்றி மற்றவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். நான் ஒரு பெரிய வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

2. பன்னிரண்டு நாற்காலி

அந்த வருஷம் பாஸ்டர் ரூபன் புதிதாக வந்திருந்தார். ஈப்போக்காரர், இளவயசு. ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதுபோல நாமும் சபையில் பன்னிரண்டு பேர் கால்களைக் கழுவலாம் என்று செயற்குழுக் கூட்டத்தில் சொன்னார். நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரம் அது.

"அந்தக் காலத்துல வீட்டுக்கு வர்றவங்க காலக் கழுவுறது அடிமை செய்யிற வேலை. தலைவரா இருந்தவரு அதைச் செஞ்சாரு," என்றார் பாஸ்டர்.

இதில் 'அடிமை' என்ற சொல் சேர்மன் காதில் விழவில்லை. 'தலைவர்' மட்டும் விழுந்தது.

"அப்ப நான்தான் கழுவணும், பாஸ்டர். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பாஸ்டர் என் தட்டிலிருந்து டீயை எடுத்துக்கொண்டார். "சரி சார், நீங்களே கழுவுங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு சேர்மன் மைக்கில் அறிவித்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலை நன்றாகக் கழுவிவிட்டு வரவேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், சாக்ஸ் போட்டு வரவேண்டும். "லைவ்ல க்ளோஸ்-அப் போகும். சபை மானம் இருக்கு." இதைக் கேட்டு ஒரு அம்மா மலாக்கா டவுனில் சலூனுக்கே போய்க் காலைப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டில் ஒருவர் ஞானமுத்து அண்ணன். நியாலாஸ் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், சபையின் பாடகர் குழுவுக்குத் தலைவர். அவரும் சேர்மனும் கிறிஸ்துமஸிலிருந்து பேசுவதில்லை. அன்று பாடகர் குழுவின் பாட்டு முடிகிற மாதிரி தெரியவில்லை. சேர்மன் எழுந்துபோய், விருந்தாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆம்ப்ளிஃபயர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் தபால்காரன் நான்தான். ஈஸ்டருக்கு அப்புறம் நியாலாஸ் குடும்பங்கள் எல்லாம் வேறு சபைக்குப் போய்விடும் என்று பேச்சு அடிபட்டது. அவர்கள் போனால் வேனுக்கு என்ன வேலை? வேனுக்கு வேலை இல்லையென்றால் எனக்கு?

அதனால் வேனில் வரும்போது ஞானமுத்து அண்ணனிடம் கேட்டேன். "சேர்மன் கழுவ நீங்க காலை நீட்டப் போறீங்களா?"

"நீட்டாம?" என்றார். "அவரு குனியணும், நான் மேலேருந்து பாக்கணும்லா. அதுக்காவே வர்றேன்."

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் யாரோ விளையாட்டாக, "கடைசி நாற்காலி யூதாசுக்கு," என்று சொல்லிவிட்டார்கள். அதோடு பதினோரு பேர்தான் தேறினார்கள். அந்த நாற்காலியில் உட்கார யாரும் வரவில்லை. சேர்மன் சுற்றிலும் பார்த்தார். டீத் தட்டோடு நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"முனியாண்டி, நீங்க உக்காருங்க. நீங்க நம்ம சபை ஆளு இல்லியே. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

வீட்டுக்குப் போகிற வழியில் பாஸ்டரை இறக்கிவிட்டபோது கேட்டேன். "பாஸ்டர், இயேசு அந்த யூதாஸ் காலையும் கழுவுனாரா? காட்டிக் கொடுப்பான்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான், அண்ணே. கழுவுனதுக்கு அப்புறம்தான் அவன் எந்திரிச்சுப் போறான்." கதவைத் திறந்தவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "அந்த இடத்த வாசிக்கிறது லேசு. அதை வச்சுப் பேசத்தான் எனக்கு வாய் வர மாட்டேங்குது."

3. சேறு

பெரிய வியாழனன்று மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் நியாலாஸுக்குக் கிளம்பும்போது சேர்மனும் வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஆள் குறைந்துவிடக் கூடாது என்ற கவலை. வெள்ளை ஜிப்பா, வெள்ளைப் பேண்ட், புதுச் சப்பாத்து.

தோட்டத்தில் ஞானமுத்து அண்ணன், உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் பேபி அக்கா, இன்னும் கால் கழுவப்பட வேண்டியவர்கள், அவர்களோடு வந்தவர்கள் என்று வேன் நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் வெள்ளை சாக்ஸ். திரும்பும் வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று செம்மண் சாலையை உழுதுவிட்டுப் போயிருந்தது. ஓரமாகப் போகலாம் என்று ஒடித்தேன். பின் சக்கரம் பொதுக்கென்று இறங்கியது. ரிவர்ஸ் போட்டேன், இன்னும் இறங்கியது. கிளட்ச் கருகுகிற வாசம் வந்தது.

நான் வேண்டுமென்றே வண்டியைச் சேற்றில் விட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு மூளை எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் வேன் ஓட்டப் போகிறேன்?

எல்லாரும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சாக்ஸ் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. ஞானமுத்து அண்ணன் செம்பனை மட்டைகளை இழுத்து வந்து டயருக்கு அடியில் கொடுத்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"முனியாண்டி, வண்டிக்குள்ள இன்னும் ஒரு வெயிட் இருக்கு. எறங்கச் சொல்லு."

சேர்மன் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். முகம் சிவந்துவிட்டது. "முனியாண்டி, அந்த வெயிட்டு எறங்குதுன்னு சொல்லு," என்றார்.

இறங்கிய முதல் காலே முழங்கால் பக்கம் வரை போய்விட்டது. காலை இழுத்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. அப்படியே நொண்டிக்கொண்டு பின்னால் போய் ஞானமுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று தள்ளினார். வேறு இடம் இல்லை. பேபி அக்காதான் சத்தம் கொடுத்தார். "தள்ளுங்க சார்! பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கள வெரட்டுற மாதிரி தள்ளுங்க!"

வேன் துள்ளி வெளியே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஜிப்பா எது, மண் எது என்று தெரியவில்லை. ஞானமுத்து அண்ணன் முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவி, சப்பாத்தை எடுத்துவிட்டார். சேர்மன் எதிரிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் நேரே என்னிடம் வந்து சப்பாத்தைக் கொடுத்தார்.

"அவருகிட்ட குடு."

4. கழுவியது

சபைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் காத்திருந்தார்கள். முன்னால் பன்னிரண்டு நாற்காலி, பித்தளைத் தாம்பாளம், பன்னீர், மிதக்கவிட்ட ரோஜா இதழ். கேமரா தயாராக இருந்தது.

சேர்மன் பாஸ்டர் காதில் சொன்னார். "பின்னால பைப்புல எல்லாரும் கழுவிட்டு ஓடி வந்திடறோம், பாஸ்டர்."

"கழுவிட்டு வந்துட்டா, அப்புறம் எத சார் கழுவுறது?"

முதலில் பேபி அக்கா. சேர்மன் மண்டி போட்டு, சாக்ஸைக் கழற்றிய அவர் காலை இரண்டு விரலால் பிடித்தார், ஏதோ செத்த எலியைப் பிடிப்பதுபோல. பன்னீரை ஊற்றினார். செம்மண் அதற்கெல்லாம் மசியுமா? ரோஜா இதழ்தான் போய்ச் சேற்றில் ஒட்டிக்கொண்டது. தாம்பாளம் ஒரே காலில் சிவந்துவிட்டது. நான் போய்த் தரை துடைக்கிற வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கால் வெடிப்பிலும் விரல் இடுக்கிலும் மண் அப்பியிருந்தது. ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். சேர்மன் ஜிப்பாக் கையை மடித்துவிட்டு விரலை உள்ளே விட்டுத் தேய்த்தார்.

"ஐயோ சார், கூசுதுலா!" என்று பேபி அக்கா கத்த, சபையே சிரித்தது. சேர்மனும் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது ஆளுக்குப் போகும்போது கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே வந்தது. "அத அந்தப் பக்கம் திருப்புப்பா. வெளிச்சம் கண்ணு கூசுது," என்றார். நான் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். ஐந்தாவது ஆளுக்கு வந்தபோது அவருக்கு முட்டி வலி வந்துவிட்டது. எழுந்திருக்காமல் தவழ்ந்து தவழ்ந்தே நகர்ந்தார்.

ஞானமுத்து அண்ணன் முறை வந்தது. நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன். அண்ணன் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சேர்மன் குனிந்தார். வழுக்கைத் தலை, அதன் நடுவில் வேன் டயர் அடித்த சேறு காய்ந்துபோயிருந்தது. அவர் ஒரு காலைக் கழுவி முடித்தார். அண்ணன் முகம் மாறிவிட்டது. மற்ற காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"போதும், சார்."

என்னிடம் சொல்லவில்லை. நேராக அவரிடமே சொன்னார்.

"ஏன்?"

"நீங்க குனியிறதப் பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன். நல்லா இல்ல, சார்."

சேர்மன் ஈரக் கையை ஜிப்பாவில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்த ப்ளக்க நான் புடுங்கியிருக்கக் கூடாது, ஞானமுத்து," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "எல்லாரும் பாத்தாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். வாய்தான் வரல."

"பாட்டும் கொஞ்சம் நீளம்தான், சார்."

"கொஞ்சமா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் ஒரு கால் இருக்கு, நீட்டுங்க," என்றார் சேர்மன். அண்ணன் நீட்டினார். கழுவி முடிகிறவரை சேர்மன் தலை நிமிரவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள். வாளி என் கையில் இருந்ததால் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியில் நான். யூதாஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "சார், எனக்கு வேணாம். நான் சும்மா எடத்த நெரப்பத்தானே வந்தேன்," என்றேன். "பேசாம உக்காருங்க, முனியாண்டி," என்று என் காலை இழுத்துப்போட்டுத் தேய்த்தார். ரப்பர் சிலிப்பர் போட்டுத் தேய்ந்த கால். என் அப்பாவுக்குப் பிறகு அந்தக் காலை வேறு யாரும் கழுவியதில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

முடிந்தது என்று நினைத்தோம். ஞானமுத்து அண்ணன் எழுந்து, "சார் காலு?" என்றார். அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். அங்கே இருந்ததிலேயே மோசமான கால் அவருடையதுதான், ஒரு சப்பாத்தும் ஒரு சேறுமாக. நான் எழுந்து இடம் கொடுத்தேன். அது எந்த நாற்காலி என்று சேர்மனுக்குத் தெரியும். கொஞ்சம் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். ஞானமுத்து அண்ணன் வாளியை இழுத்துக்கொண்டு மண்டி போட்டார்.

பாஸ்டர் பிரசங்கத் தாளைக் கையில் வைத்திருந்தார். பைபிளிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வாசித்தார், தாளை மடித்துப் பையில் போட்டார், "பாடுவோம்," என்றார். நான் விழித்திருந்து கேட்ட முதல் ஆராதனை அதுதான்.

5. பிறகு

நியாலாஸ் குடும்பங்கள் எங்கேயும் போகவில்லை. ஈஸ்டர் அன்று பாடகர் குழு வழக்கத்தைவிட நீளமாகப் பாடியது. சேர்மன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ப்ளக் பக்கம் போகவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் வேனைக் கழுவலாம் என்று போனேன். சேர்மன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். அரைக்கால் சட்டையும் வாளியுமாக வேனுக்குள் ஏறித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது என் வேலை."

"ஒரு நாளைக்கு நான் செய்யிறேன், முனியாண்டி. நீங்க போய் டீ குடிங்க."

நான் போய் டீ குடித்தேன். திரும்பி வந்தபோது மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார், சந்தோஷமாகவும் இருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். பளிச்சென்று இருக்கிறது என்றேன். அவர் தன் காடியை ஓட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டியதும் உள்ளே ஏறிப் பார்த்தேன். மூலையில் சேறு அப்படியே இருந்தது. சீட்டெல்லாம் சோப்பு நுரை. பிரேக் பெடலும் வழுக்கியது.

வேன் ஓட்ட வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: மனசாரச் செய்ய வருகிறவரைத் தடுக்காதே. அவர் செய்து முடிக்கட்டும், நன்றி சொல்லி அனுப்பு. அவர் போன பிறகு மறுபடியும் கழுவு. அவரிடம் சொல்லாதே.

நான் சொன்னதில்லை.