கடைசிச் சுருளைச் சொன்னவர்

கெட்டில் ஃபோர்க் என்ற ஊரில் முடி வெட்டும் ஆர்லோ ஸ்டக்கி, பத்தொன்பது வருஷமாக ஒரு பொய்யை வளர்த்துவந்தார். நன்றாகச் சாப்பாடு போட்டு வளர்த்த பிள்ளை மாதிரி அதுவும் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே போனது.

இண்டியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில்தான் நடிகர் டெக்ஸ்டர் ஹோல்கம்ப் பிறந்தார். ஹாலிவுட்டுக்குப் போனார், அறுபது படங்களில் நடித்தார், செத்தும் போனார். ஊர் மட்டும் அவரை விடுவதாக இல்லை. ஆகஸ்டில் அவர் பிறந்த வாரம் வந்தால் தியேட்டரில் நான்கு படம் ஓடும். வாசலில் படத்துக்கு ஒன்றாக நான்கு கண்ணாடி ஜாடி இருக்கும். தலைக்கு ஒரு சோளமணி. எந்த ஜாடியில் அதிக மணி விழுகிறதோ, அதுதான் அந்த வருஷத்தின் சிறந்த வேடம். குடிகார நீதிபதி, குதிரைக்கும் மருந்து கொடுக்கும் டாக்டர், மாளிகையையே நாசமாக்கும் குழாய் ரிப்பேர்க்காரர், ஊரைவிட்டு ஓடப்பார்க்கும் ஷெரீப். ஜெயிப்பது எப்போதும் ஷெரீப்தான்.

அதற்குக் காரணம் ஹோல்கம்ப் இல்லை, ஆர்லோ.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஷெரீப் படத்தின் கடைசி ஃபிலிம் சுருள் எரிந்துபோனது. திரை வெள்ளையானதும் ஜனம் கத்தியது. "நான் கடற்படையில இருந்தப்ப முழுசாப் பாத்திருக்கேன்" என்று எழுந்தார் ஆர்லோ. பார்த்தது உண்மை. முழுசாக என்பதுதான் பொய். பாதியிலேயே தூங்கிவிட்டார். ஆனால் எழுந்தாயிற்று, முந்நூறு முகங்களும் திரும்பியாயிற்று. ஷெரீப் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்து மூன்று போக்கிரிகளைச் சுட்டார் என்று சொல்லிவைத்தார். மறுவருஷம் போக்கிரிகள் ஐந்து பேரானார்கள். அப்புறம் ஆற்றில் வெள்ளம் வந்தது. பள்ளிக்கூட டீச்சர் கூரைமேல் ஏறி நின்றாள். கடைசிச் சுருளுக்குப் பதிலாக ஆர்லோ மேடையேறுவது ஊர் வழக்கமே ஆகிவிட்டது.

இந்த வருஷம் தியேட்டரை நடத்தும் மிஸ் வில்மா கடைக்கே வந்து நின்றாள். "ஆர்லோ, கலிபோர்னியாவுல முழுப்படம் கிடைச்சிருச்சு. நீ நிம்மதியா உக்காந்து பாக்கலாம்."

"பழைய பிரதியில ஒரு அழகு இருக்குங்களே, மிஸ் வில்மா..."

"பாதியில அத்துப்போறதுதான் அழகா? போப்பா!"

உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி நடீன். "சனிக்கிழமை காய்ச்சல்னு படுத்துக்கட்டுமா?" என்று அவளிடம் கேட்டார்.

"படுத்துக்கோ. ஊரே ஆளுக்கொரு தட்டு மக்ரோனியோட பாக்க வரும். வர்றவங்ககிட்ட எத்தனை போக்கிரியச் சுட்டேன்னு கணக்கு சொல்லு."

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் படம் ஓடியது. கடைசிச் சுருள் வந்தது. குதிரை வரவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. ஷெரீப் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தார். தப்பிப்போக வேண்டிய ரயில் வந்தது. நின்றது. போய்விட்டது. அவர் எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவுதான்.

"டேய் ஆர்லோ, வெள்ளம் எங்கடா?" டிராக்டர் கடை கென்னி ஹூபரின் குரல். தியேட்டரே சிரித்தது.

ஆர்லோவுக்குக் காது சுட்டது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. திரையில் ஹோல்கம்பின் கட்டைவிரல் தொப்பியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கலாமா என்று கால் கேட்கிறது, வேண்டாம் என்று விரல் சொல்கிறது. இந்த மனுஷன்மேலா இத்தனை வருஷம் ஆற்றுத் தண்ணீரைக் கொட்டினோம்?

"வாய மூடுடா கென்னி! பாக்க விடு!" என்று கத்தினார் ஆர்லோ.

விளக்கு போட்டதும் அவரே எழுந்தார். "முடிவை நான் பாத்ததே இல்ல. அன்னைக்குத் தூங்கிட்டேன். நான் சொன்னதையெல்லாம் விட இதுதான் ஒசத்தி. சோளமணிய இதுக்காகப் போடுங்க."

போட்டார்கள். ஷெரீப் ஜாடியில் பதினொரு சோளமணிதான். குழாய்க்காரர் ஜாடி வழிந்தது.

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் கடைக்கு யாரும் வரவில்லை. ஊருக்கு முடி வளர்வதே நின்றுவிட்டதோ என்று நினைத்தார் ஆர்லோ. வியாழன் காலை கென்னி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பின்னங்கழுத்து முடிந்து காதோரத்துக்கு வந்தபோது தொண்டையைச் செருமினான்.

"அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல நான் ஒண்ணையும் சரியாப் பாக்கலடா. அந்த ஆளு என்னதான் பண்ணாரு?"

ஆர்லோ கத்தரிக்கோலை வைத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கட்டைவிரலால் துண்டின் ஓரத்தைத் தேய்த்தார்.

கென்னி கண்ணாடியில் பார்த்தான். முதலில் இளித்தான். கொஞ்ச நேரத்தில் இளிப்பு தானாக இறங்கியது.

"ரயில் போயிருச்சா?" மெதுவாகக் கேட்டான்.

"இப்பதான் வந்து நிக்குது. பேசாம இரு."