கடைசி வண்டியின் இடப்பக்கம்

மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கமாக இருந்து போகிற பெண்ணுக்கு ரோட்டில் பாதிதான் தெரியும். கல்யாணம் முடித்த புதிதில் என் அவர் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கப்போட்டு, ஒரு கையால் சீற்றுக் கம்பியையும் மற்றக் கையால் கைப்பையையும் பிடித்தபடி இருப்பேன். கோயிலுக்குப் போகும்போது ஒரு பக்கத்து வேலிகளைப் பார்ப்பேன். திரும்பி வரும்போது மற்றப் பக்கம். அப்படித்தான் ஒரு ரோட்டை நான் முழுதாகப் பார்த்து முடிப்பது. போன வழியால் திரும்பி வராத ரோட்டுகளில் வலப்பக்கம் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்படி இருந்த நான் அறுபத்து மூன்று வயதில் ஜீன்ஸ் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி, அமேசன் காட்டுக்குள்ளே போய் வந்தேன். கோயிலில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், படம் இருக்கிறது.

அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. மொத்தம் ஏழு பேர், எல்லோரும் எங்களைப் போல ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்த எங்கள் பக்கத்து ஆட்கள். கோடை வந்தால் சனிக்கிழமை காலையில் மோர்னிங்சைட்டில் ஒரு கோப்பிக் கடை வாசலில் சேர்ந்து, ஏதாவது ஒரு ஏரிக்கரை வரைக்கும் ஓடிப்போய்ப் பின்னேரம் திரும்புவார்கள். பிறம்ரனில் லொறி ஓடுகிற ஒருவர்தான் எப்போதும் முன்னுக்கு. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். முன்னுக்கு ஓடுகிறதால் அவரைத் தலைவர் என்பார்கள். மற்றபடி ஒரு சங்கத்துக்கும் தலைவர் இல்லை. அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொருவருடைய கண்ணாடியிலும் பின்னுக்கு வருகிறவர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னுக்குப் போகிறவரும் நிற்பார். அப்படி யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். என் அவர் எல்லோருக்கும் மூத்தவர், நிதானமானவர். அதனால் கடைசி வண்டி அவருடையது. கடைசி வண்டிக்காரனுக்குத்தான் பொறுப்புக் கூட என்று வீட்டில் வந்து சொல்வார். சாப்பாட்டுக்கு மட்டும் முதலாவதாக வந்துவிடுவார், அது வேறு கதை.

நாலைந்து வருஷத்துக்கு முந்திய ஒரு பனிக்காலத்தில் எக்குவடோருக்குப் போகிறது என்று முடிவு எடுத்தார்கள். அந்த நாட்டிலேயே மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, மலையில் இருந்து காட்டுக்கு இறங்கி, பத்து நாள் ஓடுவது. வெளியில் பனி கொட்ட, இவர் மேசையில் அந்த நாட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் ரோட்டுப் போட்டபடி இருந்தார். பிள்ளைகள் பிறந்தபோதும் அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

அந்த மேசையில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இடக்கைப் பக்கம் நான் வைத்த தேத்தண்ணியைத் தட்டி ஊற்றினார். அடுத்த கிழமையும் ஊற்றினார். கதவு நிலையில் இடது தோள் இடிக்கும். பஸ்ஸில் இடப்பக்கம் வந்து இருக்கிற ஆளைக் கண்டு திடுக்கிடுவார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள்தான், ஆனால் கண் பார்க்கத் தெரியும். நேரே கேட்டேன். கண்ணுக்குள்ளே அமுக்கம் கூடிவிட்டது, இடக்கண் மங்கிப் போகிறது என்று டொக்டர் சொன்னதை ஒப்புக்கொண்டார். திரும்பவும் வரச் சொன்ன நாளுக்கு அவர் போகவில்லை. போனால் ஓட வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

"இந்தப் பயணம் மட்டும்," என்றார். "வந்த பிறகு ஒப்பரேஷனோ என்னவோ, சொன்னதைச் செய்யிறன். நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக, அப்படியென்றால் நானும் வருகிறேன் என்றேன். நாற்பது வருஷம் இடப்பக்கம் பார்த்தே பழகினவள், எனக்கு அது பெரிய வேலை இல்லை என்று நினைத்தேன். இடது தோளில் ஒரு தட்டு என்றால் கவனம். இரண்டு தட்டு என்றால் நிற்பாட்டு. இதுதான் எங்களுக்குள்ளே பேச்சு.

மகள் ஜீன்ஸ் வாங்கித் தந்தாள். எங்கள் கட்டிடத்துப் பார்க்கிங்கில் வெயில் எறித்த ஒரு நாள் ஏறிப் பழகினேன். முதல் தரம் காலைத் தூக்கினது சீற்றைத் தாண்டவில்லை. ஐந்தாம் மாடி அன்ரி பல்கனியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் மனிசனையும் கூட்டிக்கொண்டு வந்தா. அவர்களுக்காகவே நான் ஆறாவது தரம் ஏறினேன். கூட்டத்தில் எல்லோரும் ஹனிமூன் என்று பகிடி பண்ணினார்கள். தலைவர் மட்டும், அக்கா வந்தால் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை என்றார். சமைக்க வரவில்லை, ஓட வருகிறேன் என்று அவருக்குச் சொல்லி வைத்தேன்.

அங்கே போய் இறங்கியதும் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். விழுந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று அதில் இருக்கிறதாம். மற்ற எல்லோரும் ஒரு சுழி சுழித்துவிட்டுப் போனார்கள். நான் அப்பாவின் பெயரோடு என் பெயரைத் தமிழில், கோடு முடியும் வரைக்கும் எழுதினேன். வாடகைக்காரப் பெட்டை அதை வாங்கி மற்றவளுக்குக் காட்டினாள்.

முதல் நாள் மேகத்துக்கு உள்ளாலே இறங்கினோம். காலையில் பல்லுக் கிட்டின குளிர். மத்தியானம் கழுத்தால் வியர்வை ஓடியது. காட்டு வாசம் முதலில் வந்தது, காடு பிறகுதான் வந்தது. ஈர இலை, புகை, பழுத்து விழுந்த ஏதோ பழம் எல்லாம் சேர்ந்த வாசம். வாழை, மரவள்ளி, பப்பாசி எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் கண்டதும் எங்கள் ஆட்கள் ஹெல்மெற்றைத் திறந்து ஒருவருக்கு ஒருவர் கத்திச் சொன்னார்கள். அங்கேயும் வலப்பக்கம்தான் ஓடுவது, ஆனாலும் என் வேலை இடப்பக்கம். மாடு என்றால் ஒரு தட்டு. பள்ளம் என்றால் ஒரு தட்டு. தட்டுவதற்கு இடையில் வலப்பக்கமும் திரும்பிப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகிறதைப் பார்க்கிறது எனக்கு அப்போதுதான் முதல் தரம். தொடை நோவு, இடுப்பு நோவு எல்லாம் இருந்தது. ஆனால் அந்த நாலு நாளையும் என்னிடம் திருப்பித் தந்தால், வாங்கிக்கொண்டு திரும்பவும் போவேன்.

ஐந்தாம் நாள் விடிந்ததில் இருந்து மழை. எங்களுக்குப் பின்னாலே சாமான் ஏற்றின பிக்கப் ஒன்று வரும். அதை ஓட்டினவர் அந்த ஊர் ஆள், தடித்த, வாய் பேசாத மனிசன். மோட்டார் சைக்கிள்களில் நாங்கள்தான் கடைசி. சிவப்புச் சேற்று ரோட்டில் போய் ஒரு மரப்பாலத்துக்கு வந்தோம். கீழே ஆறு கலங்கி ஓடியது. பாலத்தின் இடப்பக்கத்தில், எங்களுக்கு வழி விட்டு, ஒரு பெண் முதுகில் வாழைக்காய்க் கூடையோடு ஒதுங்கி நின்றாள். கூடையின் வார் அவளுடைய நெற்றியில் இருந்தது. முன்னுக்குப் போன ஆறு வண்டியும் அவளை விலத்திப் போனது.

இவர் இடப்பக்கம் சரிந்தார். நான் இரண்டு தட்டுத் தட்டினேன். மழைக்குப் போட்ட தடித்த கோட்டில் அது அவருக்குப் படவில்லை. தோளைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். கைப்பிடி கூடையில் உரசியது. கூடை சரிந்து, வாழைக்காய் சிதறி, பாதி ஆற்றுக்குள்ளே போனது. அவள் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நல்ல காலம், பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்கு முன்னுக்குப் போனவர் கண்ணாடியில் எங்களைக் காணாமல் நின்று, அப்படியே தலைவர் வரைக்கும் நின்று, எல்லோரும் திரும்பி வந்தார்கள். பொறுக்கிக் கூடையை நிரப்பினோம். கையைக் கூப்பினோம். பிக்கப்காரர் அவளையும் கூடையையும் ஏற்றி அவளுடைய வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். ஏறுவதற்கு முன்னம் அவள் என்னைத்தான் பார்த்தாள், இவரை அல்ல. பொம்பிளைக்குப் பொம்பிளை தெரியும், நான் முந்தியே கண்டு தட்டினதை அவள் கண்டுவிட்டாள். இவர் மற்றவர்களுக்குச் சேறு வழுக்கினது என்றார். எல்லோரும் அதை நம்பினார்கள். அவர் சொன்னால் நம்புகிற ஆட்கள்.

அன்று பின்னேரம் தகரக் கூரை போட்ட ஒரு விடுதியில் சாப்பிட இருந்தோம். மீனும் அவித்த வாழைக்காயும். நாளைக்கு இன்னும் ஒன்பது பாலம் இருக்கிறது என்று தலைவர் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பி, அண்ணை பின்னுக்கு நிற்கிறதால் தனக்குப் பயமில்லை என்றார். நான் வாழைக்காயைத் தள்ளி வைத்தேன். இவருக்குக் கொடுத்த சொல் ஒரு பக்கம். கம்பியைப் பிடித்த அந்தக் கை ஒரு பக்கம். ஒன்பது பாலம்.

"தலைவர், அது சேறில்லை," என்றேன். "அவருக்கு இடக்கண் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பின்னுக்கு இருந்தனான்."

ஒருவர் பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டார்.

"எத்தினை நாளா அண்ணை?" என்று தலைவர் கேட்டார்.

"உவவைக் கேளும்," என்று என்னைக் காட்டினார் இவர். "உவதான் எல்லாம் அறிஞ்சவ."

முதலே சொல்லியிருக்கலாமே அக்கா என்று தலைவர் என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டும், அது என் பிழை என்றேன். இவர் மீனைச் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். காற்சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல் இல்லை. நானும் கெஞ்சிக்கொண்டு பின்னாலே போகிற ஆள் இல்லை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்தார், நான் மற்றச் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

காலையில் அவருடைய வண்டியைப் பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கட்டுகிறதை அவர் பார்க்கவில்லை. முன் சீற்றில் ஏறி இருந்துவிட்டார். என் இடமும் அதுதான் என்று பின் கதவைத் திறந்தேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"நீர் ஏன் உதுக்குள்ள வாறீர்?"

வேறெங்கே போகிறது என்றேன்.

"நீர் கண் தெரிஞ்ச ஆள். தலைவற்ற பின்னுக்கு ஏறும். பொழுதுபட வந்து இடப்பக்கம் என்ன கிடந்ததெண்டு சொல்லும்."

அது கோபத்தில் சொன்னதா, அன்பில் சொன்னதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். நான் போய் ஏறினேன். கடைசி வண்டியில் இருந்தவள் முதல் வண்டிக்கு வந்துவிட்டேன். எனக்கு முன்னால் தலைவரின் முதுகும் காடும்தான். பாலம் வரும்போதெல்லாம் மனம் பின்னுக்கு ஓடும்.

பின்னேரம் இவர் விடுதி வாசலில் இரண்டு கதிரை போட்டு இருந்தார். நான் ஹெல்மெற்றைக் கழற்றவில்லை, சொல்லும் என்றார். சொன்னேன். தூண்களில் நிற்கிற வீடும், அதற்குக் கீழே படுத்திருந்த ஏழு நாயும். ரோட்டோரம் நீட்டுக்கு விரித்துக் காயவிட்ட கொக்கோ விதை. கறுப்புக் கல்லில் நூல் மாதிரி விழுகிற தண்ணீர். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனி வலப்பக்கம் தான் சொல்வதாகச் சொன்னார். பிக்கப்பில் அவருடைய யன்னல் வலப்பக்கம். நல்ல கண்ணும் வலக்கண். மரக்கொப்பில் தொங்கவிட்ட கோயில் மணி, ஆற்றில் குதிரையைத் தேய்த்துக் கழுவுகிற மனிசன், ஒரு பள்ளிக்கூடச் சுவர் முழுக்கக் கீறின பாம்பு. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த ரோட்டு ஒரு தரம் போனதிலேயே முழுதாகிவிட்டது. மிச்ச நாள் எல்லாப் பின்னேரமும் அப்படித்தான் போனது. கல்யாணம் கட்டின நாளில் இருந்து நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை. மற்றவர்கள் குளிக்கப் போகிற வழியில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். கடைசி ஆள் இப்போதும் தான்தான், பிக்கப்புக்குப் பின்னாலே ஒருவரும் இல்லை என்று அவர்களுக்கு இவர் பெருமையாகச் சொன்னார்.

திரும்பி வந்து, கொடுத்த சொல்லின்படி டொக்டரிடம் போனார். இடக்கண் போனது போனதுதான். வலக்கண்ணை மருந்து விட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். இங்கே வைத்திருந்த மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டார். தலைவருக்கு நாரி நோவு, முதுகை வளைத்து ஓட ஏலாது. இரண்டு பேர் தூரத்துக்கு வீடு மாறிப் போனார்கள். மிச்சமானவர்கள் சனிக்கிழமைகளில் அதே கோப்பிக் கடைக்குக் காரில் வருகிறார்கள், நாங்கள் பஸ்ஸில் போகிறோம். யன்னல் பக்கம் அவர் இருப்பார். மற்றப் பக்கத்தை நான் சொல்லிக்கொண்டு போவேன். புதுக் கட்டிடம், மூடின கடை, யாருடைய பிள்ளையோ நடந்து போகிறது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள்ளே இன்னும் தீர்ப்பு இல்லை. எட்டாம் நாள் ஒரு வளைவில், ஈர மண்ணில் இருந்து நீல வண்ணத்துப்பூச்சிகள் ஒரு நூறு எழும்பினது. செட்டை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். நான் இடப்பக்கம் என்கிறேன், அவர் வலப்பக்கம் என்கிறார். போன சனிக்கிழமை தலைவரைக் கேட்டோம். ரோட்டை மட்டும்தான் தான் பார்த்ததாகச் சொல்லி அவர் தப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தும் அந்தக் கதை முடியவில்லை.

"ஒண்டு என்ர இடது முழங்காலில வந்து இருந்ததப்பா," என்றேன்.

"அப்ப என்ர யன்னலுக்குள்ளால வந்தது என்ன, காகமோ?"

தேத்தண்ணியை அவருடைய வலக்கைப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு, இடப்பக்கம்தான் என்றேன்.