பதினொரு கையெழுத்தில் ஒரு கடிதம்

நரின் என்ற மலையூரில் மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு தொண்டு இல்லம்தான் உண்டு. அங்கே சமைக்கிறவள் புருல்கான். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் நேரம் இல்லை என்பாள். அவள் தங்கை சாய்கலுக்கு இருபத்தாறு வயது, மனசுக்கு ஆறு. அக்கா அங்கே சமைப்பதால் தங்கைக்கு அங்கே இடம். அக்காவின் வேலை போனால் அந்த இடமும் போகும். இது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

சாய்கலுக்கு மதியம் தூக்கம் வராது, சிரிப்புதான் வரும். அவளைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் சிரிப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாமிராவுக்கோ சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிடும். ஆகவே ஆறு பேரையும் துணிப்பட்டையால் நாற்காலியோடு கட்டிவிட்டு அவள் தூங்கினாள். தட்டு எடுக்கப் போன புருல்கான் பார்த்தபோது சாய்கலின் மணிக்கட்டு சிவந்திருந்தது. அன்று அவள் சிரிக்கவில்லை.

"என்ன தாமிரா இது?"

"விழுந்துடுவாங்கக்கா. அவங்க நல்லதுக்குத்தான்."

"இத்தனை நாளா விழலையே."

"நீங்க சூப்பைப் பாருங்கக்கா."

தாமிராவின் கூடப்பிறந்த அக்கா அனார்கான்தான் இல்லத்தின் நிர்வாகி. குறை சொல்ல ஒரு தகரப் பெட்டி உண்டு. அது அனார்கான் அறை வாசலில் இருக்கிறது, சாவி அனார்கான் இடுப்பில் இருக்கிறது. அதுவரை அதில் விழுந்தவை இரண்டு மிட்டாய்க் காகிதங்கள்.

அந்த மாத ஷெரினே புருல்கான் வீட்டில். பள்ளியில் ஒன்றாகப் படித்த பன்னிரண்டு பெண்கள் மாதம் ஒரு வீடாகக் கூடி, வயிறு முட்டத் தின்று, ஊர்வம்பை மென்று கலைவார்கள். புருல்கான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பெட்டியில் ஒரு சீட்டுப் போடலாமா என்று கேட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? திறக்கறதே அவதானே," என்றாள் ஜிபெக். "தலைநகர் பிஷ்கேக்ல இருக்கற இல்லத் தலைவருக்கு அனுப்பு."

"அவர் அதை இவகிட்டயே காட்டினா? என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்டி. தினமும் பலகையில சாப்பாடு எழுதறவ நான்."

"அப்ப நீ எழுதாத. நாங்க ஆளுக்கொரு வரி எழுதறோம். நீ போய் இன்னும் கொஞ்சம் கறி கொண்டா."

கறித்தட்டு போன வழியிலேயே காகிதமும் போனது. பதினொரு பேர், பதினொரு வரி, ஐந்து எண்ணெய்க் கறை. கடைசி ஆளுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. "மேலே உள்ளதெல்லாம் நிஜம்" என்று எழுதினாள்.

புகார் செய்பவரை யாரிடமும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இல்லத்தின் விதித்தாளில் நான்காவது வரி சொல்கிறது. தலைவர் மூன்றாவது வரியோடு நிறுத்திக்கொண்டவர் போலும். கடிதத்தைப் படம் பிடித்து, "இதற்கு உங்கள் பதில் என்ன?" என்று அனார்கானுக்கே அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அனார்கான் வேலைக்காரர்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டாள். புருல்கான் முறை வந்தபோது முன்னால் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினாள்.

"எழுது. 'சாப்பிட்ட பிறகு யாரையும் கட்டக் கூடாது.'"

புருல்கான் எழுதினாள். அனார்கான் தாளைக் கைபேசியில் இருந்த கடிதப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பதினொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். பிறகு இன்னொரு முறை. வெளியே சாய்கல் யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது. புருல்கான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது யாரு எழுதினதா இருக்கும்?"

"ஒரு ஆள் மாதிரி தெரியலையே அக்கா."

அனார்கானுக்கும் அதுதான் கவலை. பதினொரு பேருக்குத் தெரிந்துவிட்டது என்றால் நரினில் தெரியாதவர்களைத்தான் தேட வேண்டும். ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பலாம். ஊரை அனுப்ப முடியாது. அடுத்த நாள் முதல் தாமிரா வரவில்லை. முதுகுவலி என்றார்கள்.

எல்லோரிடமும் எழுதி வாங்கிய தாள்களில் புருல்கான் எழுதியதுதான் பார்க்க அழகாக இருந்தது. தலைவருக்குப் பதிலாகக் காட்ட அதையே சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார்கள். இந்த விஷயத்தில் அவள் தன் கையால் எழுதியது அது ஒன்றுதான், அதுவும் நிர்வாகி சொல்லி.

அன்று மதியம் சாய்கல் சமையலறைக்கு வந்தாள். கழுவி அடுக்கிய கரண்டிகளையெல்லாம் எடுத்து மாவு டப்பாவில் நட்டுவைத்துவிட்டுச் சிரித்தாள்.

"போய்ப் படுடி," என்றாள் புருல்கான்.

அவள் போகவில்லை. புருல்கானும் இரண்டாம் முறை சொல்லவில்லை.