தொண்ணூறு சென்டிமீட்டர்

கும்மிடிப்பூண்டியில் நான் பயிற்சிக்குப் போன ஷெட்டில் புது பெல்ட் ஓட ஆரம்பித்த அன்று காலை, நைலான் புஷ்கள் பெட்டியைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தன. கார் கதவுக்குள் போகிற சின்ன உருளைகள் அவை. மோல்டிங் மெஷினிலிருந்து பெல்டில் ஓடிவந்து, முனையில் குதித்து, நீலப் பெட்டிக்குள் இறங்க வேண்டும். தரையில் பட்டால் எண்ணெய் அழுக்கு ஒட்டிவிடும். ஒட்டினால் ரிஜெக்ட்.

அதுவரை பெட்டிகளை மெஷினிலிருந்து மேசைக்குக் கையால் தூக்கிக்கொண்டிருந்தவர் பேக்கிங் அக்கா. தோள்பட்டையில் வலி பிளாஸ்டர் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. பெல்ட் வருகிறது என்றதும் மெஷினுக்குப் பொட்டு வைத்தவரும் அவர்தான்.

"சாப்பாட்டு டைமுக்குள்ள சரியாவலனா பெல்ட்டக் கழட்டிடலாம். பழையபடி கையாலயே தூக்கிக்கலாம்" என்றார் சூப்பர்வைசர்.

"இன்னா சார், வந்த அன்னிக்கே அனுப்புறீங்க? ஒரு பூசணிக்கா ஒடச்சுப் பாக்கலாம் சார்" என்றார் அக்கா.

"பூசணிக்காயும் பொட்டிக்கு வெளியதான்கா வுழும்" என்றார் ஃபிட்டர் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. மேசை விளிம்பிலிருந்து உருண்டு விழும் பந்து எவ்வளவு தூரம் தள்ளி விழும் என்று பாலிடெக்னிக்கில் பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கு, இதோ, கண்ணெதிரே சடசடவென்று விழுந்துகொண்டிருக்கிறதே!

"சார், நான் கணக்குப் போட்டுச் சொல்றேன்."

"போடு, போடு. மெஷின் ஓடிக்கினேதான் இருக்கும்."

பெல்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். செல்போனில் நேரம் பார்த்தேன். விநாடிக்கு இரண்டு மீட்டர். வேகத்தைக் குறைக்கும் வசதி அந்த மோட்டாரில் கிடையாது. உயரத்தை அளக்க வேண்டிய வேலையே இல்லை. எங்கள் ஷெட்டில் எல்லா உயரமும் தரையிலிருந்துதான். பெல்டின் காலிலேயே ஃபிட்டர் அண்ணன் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தார்: 1250. அதாவது ஒன்றேகால் மீட்டர்.

பெல்டை விட்டதும் புஷ்ஷைப் பக்கவாட்டில் தள்ள ஆளில்லை. அதனால் அந்த வேகம் மாறாது. கீழ்நோக்கி மட்டும் பூஜ்யத்திலிருந்து வேகம் பிடிக்கும். ஈர்ப்பைப் பத்து என்று வைத்தால், ஒன்றேகால் மீட்டர் விழ அரை விநாடி. அரை விநாடியில் பக்கவாட்டில் ஒரு மீட்டர்.

பெட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தோம். புஷ் தரையில் ஒரு மீட்டரில் சொத்தென்று விழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெட்டியின் நடுப்பகுதி சரியாக அந்த இடத்தில் இருக்கும்படி வைத்தேன்.

டக். டக். டக். பெட்டியின் பெல்ட் பக்கத்து முன்விளிம்பில் பட்டு, பாதி உள்ளே, பாதி என் செருப்பருகே.

"கணக்கு கரெக்ட்டுதான்மா. பொட்டிதான் சின்னது. கம்பெனி குடுத்த பொட்டி, மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர், பெல்ட் மாட்டியவருக்கு போன் போடப் போனார். அக்கா தோளை அமுக்கிக்கொண்டார்.

நான் பெட்டியருகே குத்துக்காலிட்டு, கண்ணை விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் உறைத்தது. புஷ் தரைக்கு வருவதற்கு முன்னாடியே பெட்டிக்குள் நுழைந்தாக வேண்டும்! நான் பாட்டுக்குத் தரைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெட்டியின் உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதன் வாய்க்கு வரும்போது புஷ் விழுந்திருப்பது எண்பதுதான். எண்பது விழ பூஜ்யம் புள்ளி நான்கு விநாடி. அதற்குள் பக்கவாட்டில் போயிருப்பதும் எண்பது. பெட்டியின் அகலம் நாற்பது. நடுப்பகுதி ஒரு மீட்டரில் இருந்தால் முன்விளிம்பு எங்கே இருக்கும்? எண்பதில்!

"சார், போனை வைங்க!" என்று கத்தினேன். சூப்பர்வைசரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

வாயில் எண்பது, அடியில் நூறு. இரண்டும் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் நடுப்பகுதி தொண்ணூறில். இந்தப் பக்கம் பத்து சென்டிமீட்டர் இடம், அந்தப் பக்கமும் பத்து. பெட்டியைக் காலாலேயே பெல்ட் பக்கம் நகர்த்தினேன்.

சத்தமே மாறிப்போனது. டக் போய், பொத் பொத் என்று உள்ளே. ஒன்று கூட விளிம்பில் படவில்லை. பெட்டி நிறைய நிறைய, விழுமிடம் கொஞ்சம் கொஞ்சமாக பெல்ட் பக்கம் நகர்ந்து வந்ததே தவிர வெளியே போகவில்லை.

"இன்னா பாப்பா, ஒரு ஜாண் கூட நவுத்தல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "அதுக்காடா இத்தினி பேஜாரு?" என்று ஃபிட்டர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார் அக்கா.

"என்ன ஏன்கா கேக்குற? நான் எழுதின ஒயரம் கரெக்ட்டுதான்!"

சூப்பர்வைசர் போனில், "வேணாம்பா, நீ வராத. ஓடிக்கினு இருக்கு" என்றார். பிறகு என்னிடம் சாக்பீஸை நீட்டி, பெட்டி நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்டச் சொன்னார். நான் நாலு பக்கமும் அழுத்தி அழுத்திப் போட்டேன். நிறைந்த பெட்டியை அக்கா தரைமட்டத்தில் பதித்திருந்த உருளைப் பாதையில் ஒரே தள்ளாக மேசைப் பக்கம் தள்ளிவிட்டு, காலிப் பெட்டியைக் கோட்டுக்குள் வைத்தார். தூக்கவேயில்லை.