ஷேர் பண்ணச் சொன்னேன்

முதலில் மன்னித்துவிடுங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுவேன். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் எங்களைப் போன்ற சின்ன டிரஸ்ட்டுகளில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிற யாருக்காவது உதவலாம்.

ஜவ்வாது மலையில் ஒரு டிரஸ்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கூட்டுவது, டீ போடுவது, ரிஜிஸ்டர் எழுதுவது எல்லாம் நான்தான். கர்ப்பிணிகளைக் கீழே ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக எங்களிடம் ஒரு ஜீப் உண்டு. போன மழையில் ஒரு வளைவில் அது பக்கவாட்டாக வழுக்கியது. பின்டயர் இரண்டும் மொழுமொழுவென்று ஆகியிருந்தன. இனி ஓட்ட மாட்டேன் என்று டிரைவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் அதிகம், வாராவாரம் வர வேண்டும், நெரிசலில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஜீப்பை விட்டால், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி ஏற்றுகிற ஷேர் ஜீப்தான். அதில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார வேண்டும்.

டிரஸ்ட்டின் ஃபேஸ்புக் பேஜைப் பார்த்துக்கொண்ட பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால் அந்த வேலையும் என்னிடம் வந்தது. முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது. எங்கள் செயலாளர் திருவண்ணாமலையில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்து, “எது போட்டாலும் கடைசியில ‘ஷேர் பண்ணுங்க’ன்னு போடணும்மா. சூட்சுமமே அதுலதான் இருக்கு” என்றார்.

தேய்ந்த டயரைக் காட்ட வெட்கமாக இருந்தது. ஜீப்பைக் கழுவி, முன்பக்கமாகப் படம் எடுத்தேன். “நம்ம டிரஸ்ட் ஜீப். நல்ல டயர் கிடைத்தால் ஓடும். எல்லாரும் ஷேர் பண்ணுங்க” என்று எழுதி, பேஜிலும் ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளிலும் போட்டேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஜீப் நிறைய ஆட்கள். பின்னால் இரண்டு புளி மூட்டை. பக்கத்து வீட்டுப் பெண் பையோடு முன்சீட்டில் இருந்தாள். அவளை இடித்துக்கொண்டு கோழிக்கூடையோடு ஒரு அம்மா.

“இன்னாம்மா, டிரைவரு இன்னும் வர்ல?” என்றார் கோழிக்கூடை அம்மா.

“இது போவாதுங்க…”

“செல்லுல ஷேருன்னு போட்டுக்கினு இப்போ போவாதுன்றியே! கோழிக்கு இன்னா பதிலு சொல்றது?”

பக்கத்து வீட்டுப் பெண் மெதுவாகக் கேட்டாள்: “இன்னிக்கு எனக்கு செக்கப்பு, அக்கா. போவாதா?”

அதற்குள் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர் வந்துவிட்டார். அவர் வண்டியில் ஒருவரும் ஏறவில்லை.

“இன்னாக்கா, டிரஸ்டு நடத்துறீங்களா, டிராவல்ஸ் நடத்துறீங்களா?”

போனை அவரிடம் நீட்டினேன். படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். “ஜீப்பு படத்தப் போட்டு ஷேருன்னா நம்ம ஜனம் இன்னான்னு நெனைக்கும்?” என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. “இதுலயா புள்ளத்தாச்சிய ஏத்துவீங்க? எல்லாம் எறங்குங்க!”

பிறகு தன் போனை எடுத்து ஜீப் டிரைவர்கள் குரூப்பில் பேசிப் போட்டார்: “யோவ், டிரஸ்டு வண்டி ஷேரு அடிக்கல. அது மாசமா கீறவங்க போற வண்டி. டயரு மொட்டையாகீது. எவன்கிட்ட நல்ல ஸ்டெப்னி கீதோ எடுத்துக்கினு வா. இல்லாங்காட்டி ஜனம் தெனம் இதுலதான் ஏறும், நம்ம பொழப்பு நாறிப்பூடும்.”

அன்று அவளை மட்டும் தன் முன்சீட்டில் தனியாக உட்காரவைத்து அழைத்துப் போனார். கோழிக்கூடை அம்மா பின்னால் ஏறி, ஒடுகத்தூர் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாராம்.

பேஜில் நான் போட்டதற்கு ஆறு லைக் வந்தது. அவர் பேசியது மலை முழுக்கச் சுற்றியது. அதிலிருந்து நான் படம் எடுத்தால் ஓட்டையைத்தான் எடுக்கிறேன். பேச வேண்டியதை ஊர்க்காரர்களையே பேசச் சொல்கிறேன்.

அவர் பேசிய மறுநாளே நான்கு டயர்கள் வந்தன. இரண்டு பொருந்தின. எங்கள் டிரைவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார்.